ஆறு வினாடி

ஷமால் அடித்து ஓய்ந்த மறுநாள்.
உம் அல் குவைன். காலை ஆறரை.
இடுப்பளவு நீரில்
நாலு மீட்டர் அளவுகோலைப் பிடித்தபடி நிற்கிறேன்.
கரையில் முக்காலி, அதன் பின்னால் ரொவேனா.
"அசையாதே செங்குட்டு" என்கிறாள் வாக்கி டாக்கியில்.
செங்குட்டுவன்தான் நான்.
கம்பெனி அட்டையில் அவ்வளவுதான் கொண்டது.

நான் அசையவில்லை. கடல்தான்.

தூரத்து மிதவையின் எண்கள்
அவள் மடிக்கணினியில் விழுகின்றன:
ஆறு வினாடிக்கு ஓர் அலை.
அங்கே ஆழம் முப்பது மீட்டருக்கு மேல்.
அடி என்று ஒன்று இருப்பதே
அலைக்கு அங்கே தெரியாது.
ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் நடுவே
எங்கள் கேம்ப்பின் ஒரு பிளாக்கையே நிறுத்தலாம்,
நூற்று இருபது கட்டிலோடு.
தண்ணீரும் எங்கேயும் போவதில்லை.
படகிலிருந்து ஒரு லபன் டப்பாவைப் பார்த்தேன்:
ஏறியது, கொஞ்சம் முன்னே சாய்ந்தது,
இறங்கியது, பின்னே வந்தது,
புறப்பட்ட இடத்திலேயே வட்டத்தை முடித்தது.
கடந்துபோனது வேறு ஏதோ.
அதை எழுத எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

இருபத்தெட்டு மீட்டரில்
முதல் தடவையாகத் தரை தட்டுப்படுகிறது,
இருட்டில் இறங்குகிறவன்
இன்னொரு படி இருக்குமென்று காலை வைக்க
தரையே இடித்த மாதிரி.
அதன்பின் வட்டங்கள் நசுங்குகின்றன.
கோழிமுட்டை. மாங்கொட்டை.
அடிமணலில் வெறும் போக்கும் வரவும்.
முன்னே போகும் அலை மெதுவாகிறது,
பின்னே வருவதற்கு இன்னும் அவசரம் தீரவில்லை.
இஃப்தார் வேளையில் ரவுண்டானாவை நெருங்கும் கார்கள்போல
ஒன்றின் முதுகில் ஒன்று.
நீளத்தில் இழந்ததை உயரத்தில் தேடிக்கொள்கின்றன.

அலை வந்த திசை மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே.
கரை பார்ப்பது வடமேற்கு.
சாய்ந்து வர வேண்டியது
என்னிடம் வரும்போது நேருக்கு நேர் நிற்கிறது.
இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.
ஒருநாள் சாரக் குழாய் தூக்கினோம், ஆறு பேர்.
இடது முனையில் நஸீமுலுக்குக் கால் மணலில் புதைய,
வலது முனையில் நான் அதே வேகத்தில் போக,
குழாய் திரும்பியது.
யாரும் திருப்பவில்லை.
அட, இதுதானா என்று நின்றேவிட்டேன்.
ஃபோர்மேன் ஜஸ்விந்தர் திட்டியது பஞ்சாபியில்.
அதனால் அந்தச் சந்தோஷத்துக்குச் சேதமில்லை.

இப்போது ஒன்று வருகிறது.
நீர் முதலில் என் காலடியிலிருந்து பின்வாங்கி
கொடுத்த கடனைக் கேட்பதுபோல் மணலை இழுக்கிறது.
அலையின் கால் தரையில் மாட்டிக்கொண்டுவிட்டது.
தலைக்கு அந்தச் சேதி இன்னும் போகவில்லை.
முகம் செங்குத்தாகிறது. பச்சை.
அதற்குள் ஒரு பொடி மீன்
குறுக்கே நீந்துவது தெரிந்த கணத்தில்
தலை, கால்களைத் தாண்டி விழுகிறது.

மூக்கில் உப்பு. கோல் சாய்ந்துவிட்டது.
"மறுபடி" என்கிறாள் ரொவேனா.

நுரைக்குள் நின்று எண்ணுகிறேன்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு
ஆறு. அடுத்தது.
நீளம் போயிற்று. வேகம் போயிற்று.
உயரம் வந்து, அதுவும் போயிற்று.
திசையைக்கூட விட்டுக்கொடுத்தாயிற்று.
இந்த ஆறு மட்டும்
மிதவையில் இருந்த அதே ஆறு,
நடுக்கடலில் காற்று அதன் காதில் சொன்னது.

நான் வந்து பதினோரு வருஷம்.
எடை மாறியது, பேச்சு மாறியது, பேர் பாதியாயிற்று.
மாறாத எண் எனக்கு ஏதாவது உண்டா என்று யோசித்தேன்.
பூட்டிய கதவை
மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பழக்கம்தான் ஞாபகம் வந்தது.
அது விடையா என்று பார்ப்பதற்குள்
முதுகில் அறைந்தது இன்னொன்று.

என்னைத் தாண்டிப் போன அலையைத் திரும்பிப் பார்த்தேன்.
கரையேறும்போது விரல்கனம்கூட இல்லை.
முக்காலியின் ஒரு காலைச் சுற்றிவிட்டு
ரொவேனாவின் செருப்பில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து
அங்கேயே போட்டது.
அவள் குனியவில்லை.
கோலை நிமிர்த்தினேன்.